செத்தவரைத் தொடும் கை

மதுரை பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்றொரு இடம் உண்டு. கோவலன் வெட்டுப்பட்டது இங்கேதான் என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1980-ல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. முதுமக்கள் தாழிகளும் மனித எலும்புகளும் வெளிப்பட்டன. மதுரையின் பழமைக்கு அவை சான்றாயின.

2022 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டம் சித்திரவாடியில் வேறொரு குழி தோண்டப்பட்டது. அடக்கம் செய்து சில நாட்களே ஆன ஒரு பள்ளிச் சிறுமியின் குழி அது. சூரிய கிரகணத்தை ஒட்டி நடந்த காரியம். திறந்து பார்த்தபோது உடலில் தலை இல்லை. மாந்திரீகத்துக்காக எடுத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஊர் முழுக்கப் பரவியது. பெற்ற மகளை ஒருமுறை புதைத்த குடும்பம் மறுபடியும் அந்தக் குழி ஓரத்தில் போய் நிற்க வேண்டி வந்தது.

இரண்டு இடத்திலும் மண்ணைத் தோண்டினார்கள். இரண்டு இடத்திலும் செத்தவரின் எலும்பை எடுத்தார்கள். ஒன்றை ஆராய்ச்சி என்கிறோம், மற்றதைக் கொடுமை என்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். ஆனால் எதை வைத்துப் பிரிக்கிறோம் என்று கேட்டால் பலருக்குப் பதில் தடுமாறும். 'அது அறிவியல், இது மூடநம்பிக்கை' என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதியைத் தேடினால் மருத்துவத்தின் வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது. செத்தவரின் உடலை அதிகம் தொட்டவர் மருத்துவர்தான். அதனாலேயே அதிகச் சந்தேகத்துக்கு ஆளானவரும் அவரே.

இந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரி வாசலில், விபத்தில் செத்தவரின் உறவினர்கள் நிற்கும்போது அவர்கள் முதலில் கேட்பது "அறுக்காமக் குடுக்க மாட்டாங்களா?" என்பதுதான். உள்ளே எதையாவது எடுத்துவிடுவார்களோ என்ற பயம் அதில் இருக்கிறது. படிக்காதவர்களின் பயம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. மருத்துவர் ஒருவர் மறைவாகப் பிணத்தையும் ஆவியையும் வைத்து ஏதோ செய்கிறார் என்ற கதை உலகத்தின் பல ஊர்களில், பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. அந்தக் கதைக்கு அச்சு அசலாகப் பொருந்தும் ஒரு மனிதர் நிஜமாகவே வாழ்ந்திருக்கிறார். அவரைச் சரியாகப் புரிந்துகொண்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பது விளங்கும்.

அவர் பெயர் சைமன் ஃபோர்மன். 1552-ல் இங்கிலாந்தில் சால்ஸ்பரி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். மருத்துவப் பட்டம் எதுவும் இல்லை. தானாகப் படித்து லண்டனுக்கு வந்து தொழில் நடத்தினார். 1592-ல் பிளேக் வந்தபோது வசதியுள்ள வைத்தியர்கள் பலர் ஊரை விட்டுப் போனார்கள். ஃபோர்மன் போகவில்லை. அவருக்கே பிளேக் கண்டு, தன்னைத் தானே குணப்படுத்திக்கொண்டு, மற்றவர்களுக்கும் வைத்தியம் பார்த்தார். அதிலிருந்து அவர் வாசலில் கூட்டம் குறையவில்லை.

அவர் கிரகநிலை பார்த்து வைத்தியம் செய்தார். நோயாளி வந்து கேள்வி கேட்ட நேரத்துக்குக் கட்டம் போட்டு, என்ன நோய், பிழைப்பாரா, என்ன மருந்து என்று முடிவு செய்வார். இதை வைத்து அவரைப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலேயே மருத்துவத்தோடு சோதிடமும் சொல்லித் தரப்பட்டது. நம் பக்கத்திலும் நாடி பார்த்த கையே நாளும் பார்த்தது. சித்தர்கள் பெயரில் வழங்கும் சுவடிகளில் வைத்தியமும் வாதமும் மாந்திரீகமும் அடுத்தடுத்த ஏடுகளில் கிடக்கின்றன. ஒரு காலத்தின் அறிவு முழுவதும் ஒரே பெட்டியில் இருந்தது. அதைப் பிரித்து அடுக்கியவர்கள் பின்னால் வந்த நாம்.

ஆனால் ஃபோர்மன் அதோடு நிற்கவில்லை. 1588-ல் ஆவிகளை அழைக்கும் வித்தையைத் தொடங்கியதாகத் தன் குறிப்பில் தானே எழுதி வைத்திருக்கிறார். அப்போது அது சட்டப்படி குற்றம். 1563-ஆம் ஆண்டுச் சட்டம் தீய ஆவிகளை அழைப்பதைத் தடை செய்திருந்தது. 1604-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: செத்த மனிதரின் உடலையோ தோலையோ எலும்பையோ குழியிலிருந்து எடுத்து மாந்திரீகத்துக்குப் பயன்படுத்தினால் மரண தண்டனை.

இவ்வளவு இருந்தும் அவரை விரட்டியவர்கள் ஆவிக்காக விரட்டவில்லை. லண்டன் மருத்துவக் கல்லூரி என்ற வைத்தியர் சங்கம் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தது, அபராதம் போட்டது, சிறையில் அடைத்தது. காரணம், உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்தது. 1603-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு உரிமம் கொடுத்துவிட்டது. அதற்குப் பின்னும் அவர் அதே அறையில் அதே ஆளாகத்தான் இருந்தார்.

அவருடைய உண்மையான குற்றம் எது? அதற்கும் சாட்சி அவர் எழுதி வைத்த குறிப்பேடுகளே. தன்னிடம் வைத்தியத்துக்கும் ஆலோசனைக்கும் வந்த பெண்களோடு தனக்கிருந்த உடலுறவுகளை, தனக்கு மட்டும் புரியும் ஒரு சங்கேதச் சொல்லால் தேதி போட்டு எழுதியிருக்கிறார். கர்ப்பமா, கணவன் திரும்பி வருவானா, இந்த வலி என்னைக் கொன்றுவிடுமா என்று கேட்டு வந்தவர்கள் இருந்த இடம் அது. பயத்தோடு வந்தவர்களின் முன்னால் எதிர்காலம் தெரிந்தவராக உட்கார்ந்திருந்தவர் இவர். அவர்களில் ஒருத்தி மறுத்திருந்தால் அந்த மறுப்புக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்? ஆவி வந்ததோ வரவில்லையோ, எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. கதவைச் சாத்திய அறையில் ஒரு நோயாளியின் பயம் முழுக்க அவர் கையில் இருந்தது. அதைக் கேட்க யாருமில்லை. அவர் செய்த பாவம் அங்கே இருக்கிறது.

1611-ல் அவர் இறந்தார். கதை அதற்குப் பிறகுதான் பெரிதானது. 1613-ல் லண்டன் கோபுரச் சிறையில் சர் தாமஸ் ஓவர்பரி என்பவர் விஷத்தால் செத்தார். 1615-ல் அந்த வழக்கு நடந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட ஆன் டர்னர் என்ற பெண் ஃபோர்மனிடம் போய் வந்தவர் என்று தெரிந்தது. ஃபோர்மனிடமிருந்து வந்தவை என்று ஈயத்தில் செய்த பொம்மைகளை நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, கூட்டம் ஏறி நின்ற மரப்பரண் ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. பிசாசு உள்ளே வந்துவிட்டது என்று மண்டபமே அலறியது. சாட்சியத்தை எடைபோட வேண்டிய மக்கள் மரம் முறிந்த சத்தத்தில் தீர்ப்பைக் கேட்டுவிட்டார்கள். ஆன் டர்னர் தூக்கிலிடப்பட்டார். செத்து நாலு வருடமான ஃபோர்மன் அன்றிலிருந்து 'பிசாசு டாக்டர்' ஆனார். அவரால் திரும்பப் பேச முடியாது. விஷத்தில் அவருக்குப் பங்கு இருந்தது என்று எந்த நீதிமன்றமும் நிறுவவில்லை.

ஆக, செய்யாததற்குப் பெயர் கெட்டார். செய்ததற்கு எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்லவில்லை. செவிவழிச் செய்தியை நம்பி விசாரிக்காமல் வெட்டிய கதையை ஊரின் அடையாளமாக வைத்திருக்கும் மதுரைக்காரர்களுக்கு இதன் கொடுமை புரியும். விசாரணை தவறினால் நிரபராதி மட்டும் சாவதில்லை, உண்மையான குற்றமும் தப்பித்துக்கொள்கிறது.

அதே காலத்தின் கௌரவமான மருத்துவத்தையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் படம் அப்போதுதான் முழுமையாகும். ஃபோர்மனைச் சிறையில் போட்ட அதே மருத்துவக் கல்லூரி 1618-ல் அதிகாரபூர்வ மருந்து நூல் ஒன்றை வெளியிட்டது. பதப்படுத்திய பிணத்தின் பொடியும் மனித மண்டையோடும் அதில் மருந்துச் சரக்குகள். 1685-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் சாகக் கிடந்தபோது அரசவை வைத்தியர்கள் மண்டையோட்டிலிருந்து வடித்த மருந்தை அவர் வாயில் ஊற்றினார்கள். பிணத்தை மந்திரத்துக்கு எடுத்தால் தூக்கு, மருந்துக்கு எடுத்தால் சம்பளம். அந்த எலும்பு யாருடையது, அவர் சம்மதித்தாரா என்று இரண்டு பக்கத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காமல் விடுவதன் விலை 1828-ல் எடின்பரோவில் தெரிந்தது. அந்த நகரத்தில் டாக்டர் ராபர்ட் நாக்ஸ் பெயர்பெற்ற உடற்கூறியல் ஆசிரியர். மாணவர்கள் குவிந்தார்கள், அறுத்துக் காட்டப் பிணங்கள் போதவில்லை. பர்க், ஹேர் என்ற இருவர் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் உடல் விடுதியில் நோயால் செத்த ஒரு முதியவருடையது. ஏழு பவுன் பத்து ஷில்லிங் கிடைத்தது. சாவுக்காகக் காத்திருப்பதைவிடச் சாகடிப்பது சுலபம் என்று பிறகு கண்டுகொண்டார்கள். சுமார் பத்து மாதத்தில் 16 கொலைகள். எல்லா உடல்களும் நாக்ஸின் மேசைக்கே போயின. 1829 ஜனவரியில் பர்க் தூக்கிலிடப்பட்டான். அவன் உடலும் அறுக்கப்பட்டது. எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நாக்ஸ் மீது வழக்கே இல்லை. எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, கேட்காதது குற்றமாகவும் இல்லை.

என் பார்வையில் ஃபோர்மனைவிட நாக்ஸ் கொடியவர். ஒரு மந்திரம்கூட அவர் சொன்னதில்லை. அவர் செய்தது முழுக்க அறிவியல். அதனால்தான் 'அறிவியல், மூடநம்பிக்கை' என்ற ஒற்றைக் கோட்டை வைத்து இதைப் பிரிக்க முடியாது என்கிறேன்.

1832-ல் பிரிட்டனில் உடற்கூறியல் சட்டம் வந்தது. உரிமை கோராத உடல்களைப் படிப்புக்கு எடுக்கலாம் என்றது. பிணத்திருட்டு நின்றது. ஆனால் உரிமை கோர ஆளில்லாத உடல் என்றால் பெரும்பாலும் ஏழையின் உடல்தான். நம் மாநிலத்துக்கும் 1951-ல் இதே அடிப்படையில் ஒரு சட்டம் வந்தது. இன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் சேரும் முதல் வருட மாணவரின் முன்னால் கிடத்தப்படும் உடல், தானமாக வந்ததாக இருக்கலாம். கேட்க நாதியில்லாமல் வந்ததாகவும் இருக்கலாம். சீனியரிடமிருந்து கைமாறும் 'போன் செட்' என்ற எலும்புத் தொகுப்பு எங்கே தொடங்கியது என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. கொல்கத்தாவை மையமாக வைத்து இந்தியாவிலிருந்து உலகத்துக்கே மனித எலும்புக்கூடுகள் ஏற்றுமதியான காலம் ஒன்று இருந்தது. இந்திய அரசு 1985-ல் அதைத் தடை செய்தது.

பிணத்தை மறைவாகத் தொடுவது நம் மரபிலும் புதிதில்லை. சுசுருத சம்ஹிதை பிணத்தை அறுத்துப் படிக்கும் முறையை நுணுக்கமாகச் சொல்கிறது. விஷத்தாலோ நாள்பட்ட நோயாலோ சாகாத, கிழடு தட்டிப் போகாத உடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடலைச் சுத்தம் செய்து, நாணலாலோ புல்லாலோ சுற்றி, ஒரு கூண்டில் வைத்து ஓடும் நீரில் மறைவான இடத்தில் ஊற விட வேண்டும். ஏழு இரவு கழித்து எடுத்து, வேரோ மூங்கிலோ கொண்டு செய்த தூரிகையால் தோலை அடுக்கடுக்காகத் தேய்த்து, உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். படிப்பதற்காகத்தான் இவ்வளவும். இருந்தும் ஊர் கண்ணுக்குப் படாமல் செய்ய வேண்டியிருந்தது. ஆற்றோரம் போன ஒருவர் அந்தக் கூண்டைப் பார்த்திருந்தால் என்ன கதை கட்டியிருப்பார் என்று ஊகிக்கலாம். பின்னால் பிணத்தைத் தொடுவது தீட்டானது; உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் அற்றுப் போனது. 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில், வைத்தியக் குடும்பத்தில் பிறந்த மதுசூதன் குப்தா கத்தியைக் கையில் எடுத்தார். மாணவர்கள் பார்க்க, கல்லூரிக்குள், பெயர் தெரிய அதைச் செய்தார். அந்தத் துணிவில் பாதி அறுப்பதற்கு வேண்டியது, பாதி ஒளிக்காமல் இருப்பதற்கு.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம். செத்தவரைத் தொடும் கை நல்ல கையா கெட்ட கையா என்பதை மூன்று விஷயங்கள் காட்டிக்கொடுக்கும்: யாருடைய சம்மதத்தோடு தொட்டது, யார் பார்க்கத் தொட்டது, தொட்டதை எங்கே எழுதி வைத்தது. அகழாய்வில் ஒரு மண்டையோடு எந்தக் குழியில், எத்தனை ஆழத்தில் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொண்டுதான் கையே வைப்பார்கள். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முகங்களை உருவாக்கி 2025-ல் வெளியிட்டன. எந்த முறையில் செய்தார்கள் என்று யாரும் கேட்கலாம், தப்பு என்று வாதிடவும் செய்யலாம். சித்திரவாடியில் குழியைத் தோண்டியவனிடம் கேட்க ஒன்றும் இல்லை, அவன் இருட்டில் வந்து இருட்டில் போனவன்.

சட்டமும், நன்றாக எழுதப்பட்ட இடங்களில், மருத்துவரை நம்பாமல்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தைப் பாருங்கள். மூளைச்சாவை நாலு மருத்துவர்கள் கொண்ட குழு உறுதி செய்ய வேண்டும். ஒரு தடவை சோதித்தால் போதாது; ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். உறுப்பை எடுத்துப் பொருத்தப் போகிற மருத்துவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. மார்ச்சுவரி வாசலில் நிற்கும் பாமர மனிதனின் பயத்தைச் சட்டம் கேலி செய்யவில்லை. அதை மதித்து விதியாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் இந்த அளவுக்கு வளர்ந்ததில் அந்த விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

விதி எட்டாத இடம்தான் ஆபத்தானது. சித்திரவாடிச் செய்தி வந்த அதே 2022 அக்டோபரில்தான் கேரளத்தின் எலந்தூர் நரபலி வழக்கும் வெளியே வந்தது. பத்தனம்திட்டா மாவட்டத்தின் அந்த ஊரில் இரண்டு பெண்கள் செல்வம் வேண்டிப் பலி கொடுக்கப்பட்டார்கள் என்பது போலீஸின் குற்றச்சாட்டு. ஒருவர் தருமபுரியிலிருந்து பிழைக்கப் போய் கொச்சியில் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த தமிழ்ப்பெண். குற்றம் சாட்டப்பட்ட மூவரில் ஒருவரை ஊரார் வைத்தியர் என்றே அறிந்திருந்தார்கள். உடல் பிடித்துவிடும் பாரம்பரிய சிகிச்சை செய்து வந்தவர். தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம். நான் சொல்ல விரும்புவது, ஒரு பெண் காணாமல் போய் மாதக்கணக்கில் அவருக்கு என்ன நேர்ந்தது என்று வெளியே தெரியவில்லை என்பதை. ஜூனில் ஒருவர், செப்டம்பரில் இன்னொருவர். இரண்டாவது பெண்ணைத் தேடிப் போனபோதுதான் முதல் பெண்ணின் கதையும் தெரிந்தது.

நம் கையில் இருக்கும் சட்டங்கள் இதற்குப் போதவில்லை. இடுகாட்டில் அத்துமீறிப் பிணத்தை அவமதித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவு அதிகபட்சம் ஓராண்டுச் சிறைதான் தருகிறது. தாயத்து, மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விளம்பரம் செய்யாமல் காதோடு சொல்பவரை அது தொடாது. மகாராஷ்டிரத்தில் 2013-ல் தனிச் சட்டம் வந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் நரேந்திர தபோல்கர். அவர் ஒரு டாக்டர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று புணேயில் நடைப்பயிற்சிக்குப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவசரச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். கர்நாடகம் 2017-ல் சட்டம் இயற்றியது. தமிழ்நாடும் இயற்ற வேண்டும். பகுத்தறிவு பேசிய மாநிலம் என்ற பெருமை ஒரு குழந்தையின் குழியைக் காவல் காக்காது.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபோர்மனின் நோயாளிகளுக்குத் தங்களைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்று தெரியாது. அவரும் அவருடைய சீடர் ரிச்சர்ட் நேப்பியரும் எழுதிவைத்த சுமார் 80,000 ஆலோசனைக் குறிப்புகளை நானூறு ஆண்டு கழித்து கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் உலகம் முழுதாகப் படித்தது. நம் நிலைமை அப்படியில்லை. 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி ஒவ்வொரு மருத்துவரும் தன் பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும். உள்நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பதிவு பெற்ற சித்த வைத்தியரிடமும் பதிவு எண் இருக்கும். எந்த முறை வைத்தியமானாலும் எண்ணைக் கேளுங்கள், சீட்டைக் கேளுங்கள், கூட ஒரு ஆளை உள்ளே அனுமதிக்கச் சொல்லுங்கள். வெளியே சொல்லக் கூடாது, வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்கிறவர் எந்தப் பட்டம் மாட்டியிருந்தாலும் அந்த அறையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.